மானுக்கு எதுக்குல சீட்டு?

குடும்ப குரூப்பில் ஒரு கேள்வி: இந்த வாரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த நேரத்துக்கு வழக்கமாக முருகன் படமும், ரோஜாப்பூ போட்ட 'இனிய காலை வணக்க'மும்தான் வரும். அன்றைக்கு வந்தது, செத்துக் கிடந்த ஒரு மான்.

அனுப்பியவன் டெக்ஸாஸில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன். அலுவலக நண்பர்களோடு வேட்டைக்குப் போயிருக்கிறான். "சுட்டது நான் இல்ல. சும்மா கூடப் போனேன்" என்று கீழே ஒரு விளக்கம் வேறு. மானின் கொம்பில் நூலால் கட்டிய ஒரு சின்னக் காகிதச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். குரூப் பற்றிக்கொண்டது.

"பாவம்டா, அது என்ன செஞ்சுது உங்கள?" என்று என் அம்மா. "கண்ணு தொறந்துல்லா கெடக்கு, படத்த எடுத்துரு" என்று அத்தை. "கறி என்ன டேஸ்ட்?" என்று சித்தப்பா. சித்தப்பாவுக்கு சித்தியிடமிருந்து ஒரு முறைப்பு எமோஜி.

ஓட்டப்பிடாரம் பக்கத்தில் மானாவாரி விவசாயம் பார்க்கும் பெரியப்பா, இதையெல்லாம் படித்துவிட்டு சாவகாசமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். செத்த மானுக்கு எதுக்குல சீட்டு? ரேஷன் கார்டா அது?"

சிரித்துவிட்டு விட்டுவிடலாம்தான். ஆனால், அடுத்த வாரமே பெரியப்பா ஊரில் நான் கண்ணால் பார்த்த ஒரு சம்பவம், அந்தக் கேள்வியை லேசில் விடவில்லை. முதலில் சீட்டு விஷயத்தைப் பார்த்துவிடுவோம்.

தியேட்டர் டிக்கெட் கணக்கு

சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட்டைப் பாதியாகக் கிழித்துத் தருவார்கள் அல்லவா? எதற்காக? கிழிக்காவிட்டால் அதே டிக்கெட்டில் இன்னொருவர் உள்ளே போய்விடலாம். மானின் கொம்பில் கட்டிய சீட்டும் அதே கணக்குதான்.

அமெரிக்காவில் வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒன்று. ஆனால், நினைத்தபோது நினைத்ததைச் சுட முடியாது. எந்த விலங்கு, எந்த மாதம், ஆணா பெண்ணா, ஒருவருக்கு எத்தனை என்பதை ஒவ்வொரு மாநில அரசும் ஆண்டுதோறும் முடிவு செய்யும். பல மாநிலங்களில் உரிமம் வாங்கும்போது, அனுமதித்த எண்ணிக்கைக்கு ஏற்ப சீட்டுகளும் கிடைக்கும். டெக்ஸாஸில் உரிமத் தாளோடு ஒட்டியே அந்தச் சீட்டுகள் வரும். ஒரு மான், ஒரு சீட்டு.

மான் விழுந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை போட்டோ எடுப்பது அல்ல. அதை இழுத்து நகர்த்துவதற்கு முன்பே, சீட்டில் அச்சடித்திருக்கும் மாதத்தையும் தேதியையும் வெட்டி எடுக்க வேண்டும். பேனாவால் டிக் அடித்தால் பின்னால் அழித்துவிடலாம். வெட்டிய காகிதம் வெட்டியதுதான். அதன்பின் கொம்பிலோ, காதிலோ, காலிலோ அவிழாதபடி கட்ட வேண்டும். வண்டியில் ஏற்றினாலும், வீட்டில் தொங்கவிட்டாலும், கறியாகப் பிரித்து முடிக்கும்வரை அந்தச் சீட்டு உடலோடு இருக்க வேண்டும்.

"வீட்டுக்குப் போய் நிதானமாகக் கட்டிக்கொள்ளலாமே?" என்றால், அங்கேதான் திருட்டு ஆரம்பிக்கும். கட்டாத சீட்டு சட்டைப்பையில் இருக்கும்வரை, வழியில் யாரும் மறிக்காவிட்டால், நாளைக்கு அதே சீட்டில் இன்னொரு மானைச் சுடலாம். அதனால்தான் 'உடனே' என்பதில் அத்தனை கறார்.

சீட்டு மட்டும் போதாது. அது ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளமும் உடலோடு இருக்க வேண்டும் என்பது பல மாநிலங்களின் விதி. இதுவும் நமக்குத் தெரிந்த சங்கதிதான். நம்மூர் கறிக்கடையில் தோலுரித்துத் தொங்கவிட்ட ஆட்டில் வாலை மட்டும் விட்டுவைத்திருப்பார்களே, ஏன்? வெள்ளாடா செம்மறியா என்று வாங்குபவர் பார்த்துக்கொள்ளத்தான். தோலை உரித்துவிட்டால் எல்லாம் ஒரே கறி.

சுட்டவர், நண்பருக்கு இரண்டு கிலோ கறி கொடுத்தால்? டெக்ஸாஸில் அதற்கும் ஒரு தாள் உண்டு. யார் கொடுத்தது, உரிம எண் என்ன, என்ன கறி, எந்தத் தேதி, எந்த இடத்தில் சுட்டது என்று எழுதி, கறியோடு கொடுத்தனுப்ப வேண்டும்.

இத்தனை கெடுபிடி சும்மா வரவில்லை. 1900-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் வெண்வால் மான்கள் சில லட்சங்களாகச் சுருங்கிப்போயின. சந்தையில் விற்பதற்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதன் விளைவு அது. அதே 1900-ல்தான், ஒரு மாநிலத்தில் திருட்டுத்தனமாகச் சுட்டதை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்பதைக் குற்றமாக்கும் லேசி சட்டம் வந்தது. வேட்டைக்காலம், உச்சவரம்பு, உரிமம், சீட்டு என்று கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. இன்றைக்கு அங்கே கோடிக்கணக்கில் வெண்வால் மான்கள் இருக்கின்றன.

வேட்டை சரியா தவறா என்பது வேறு விவாதம். என் அம்மாவின் கட்சி எது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால், அந்தச் சீட்டு சொல்லும் சங்கதி ஒன்றுதான்: 'இது யாருடையது, எப்போது, எங்கே, எந்த உரிமையில் வந்தது?'

குறுக்குச்சாலை பக்கத்தில் ஒரு காலை

கார்த்திகை மாதக் கடைசியில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஓட்டப்பிடாரம் என்றால் எல்லோருக்கும் வ.உ.சி. ஞாபகத்துக்கு வருவார். எனக்கு மட்டும் பெரியம்மாவின் கருவாட்டுக் குழம்பு. பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. அந்த மண்ணுக்கே ஒரு வேட்டைக் கதை உண்டு. வேட்டைக்குப் போன இடத்தில் துரத்திய நாய்களை ஒரு முயல் திரும்பி நின்று எதிர்த்ததாம். 'இந்த மண்ணுக்கு வீரம் இருக்கு' என்று அங்கேயே கோட்டை கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

இப்போது அந்தக் கரிசல் காட்டில் எதிர்த்து நிற்பது முயல் அல்ல, காட்டுப்பன்றி.

புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மக்காச்சோளம் கதிர் பிடித்துப் பால் ஏறும் நேரம் பார்த்து, ராத்திரியில் கூட்டமாக இறங்கிவிடும். தின்பது கொஞ்சம்தான். மிதித்துச் சாய்ப்பது ஏராளம். பெரியப்பாவின் புஞ்சையைச் சுற்றி பெரியம்மாவின் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார்கள். "என் கல்யாணச் சேலை ஒண்ணுதான் பாக்கி. அதுவும் இந்தப் பன்னிக்கித்தான் போவும்போல" என்றார் பெரியம்மா.

மறுநாள் காலை, விடிந்தும் விடியாத நேரம். குறுக்குச்சாலைக்குப் போகும் வழியில் ரோட்டோரம் ஒரு கூட்டம். ராத்திரி ஏதோ வண்டியில் அடிபட்டு, பெரிய பன்றி ஒன்று செத்துக் கிடந்தது. சுற்றி நின்றவர்களில் இரண்டு மூன்று இளவட்டங்களின் பேச்சு, அதை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றுவது பற்றியே இருந்தது.

"நம்ம சுடல, வெடி வைக்கல. தானா அடிபட்டுச் செத்தது. எடுத்தா என்ன? ஒரு போகம் பூரா நம்ம சோளத்தத் தின்னதுதான இது?" என்றான் ஒருவன். அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் எனக்கும் பட்டது. அவன் போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று பின்னால் தெரிந்தது.

பெரியப்பா சத்தம் போடவில்லை. அவன் தோளில் கை போட்டுத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "கறி வாசம் வந்தா ஊரே வரும். கேஸ் வந்தா நீ மட்டுந்தாம்ல போவே. வனத்துறைக்கு போனப் போடு."

போன் போட்டது நான்தான். இரண்டு மணி நேரத்தில் வனக்காப்பாளர் ஒருவர் பைக்கில் வந்தார். எங்கே கிடந்தது, எப்போது பார்த்தீர்கள், யார் முதலில் பார்த்தது என்று கேட்டு எழுதினார். போட்டோ எடுத்தார். நீளம் அளந்தார். ஆண் என்று குறித்தார். இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். கால்நடை மருத்துவர் வந்து பரிசோதித்த பிறகு, குழி தோண்டிப் புதைத்தார்கள்.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தேதி, இடம், ஆணா பெண்ணா, யார் பார்த்தது... டெக்ஸாஸ் மானின் கொம்பில் தொங்கியதும் இதே விவரங்கள்தானே!

48 மணி நேரம்

இந்தியாவில் வேட்டையாடுவதை 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. பொழுதுபோக்குக்காகவோ கறிக்காகவோ சுட உரிமம் கிடையாது. அதனால் வேட்டைச் சீட்டும் கிடையாது. ஆனால், 'யாருடையது' என்ற கேள்விக்கு நம் சட்டம் தெளிவாகப் பதில் வைத்திருக்கிறது. அது சட்டத்தின் 39-வது பிரிவு.

வேட்டையாடப்பட்டதோ, தவறுதலாகக் கொல்லப்பட்டதோ, தானாகச் செத்துக் கிடந்ததோ, எந்த வனவிலங்கும் அரசின் சொத்து. அதன் கறியும் அப்படியே. தோல், கொம்பு, பல், நகம் எல்லாம் அப்படியே. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். கேட்டால் ஒப்படைக்க வேண்டும்.

ஆகவே, 'நான் கொல்லவில்லையே' என்பது பதில் ஆகாது. ரோட்டில் அடிபட்ட பன்றியைக் கறி போட்டாலும் குற்றம்தான். 'அது மான்கறி இல்லை, ஆட்டுக்கறி' என்று சாதிக்கவும் முடியாது. சமைத்த துண்டாக இருந்தாலும், அது எந்த விலங்கு என்று மரபணுச் சோதனையில் சொல்லிவிடுகிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள லாகோன்ஸ் ஆய்வகம் இந்த வேலையில் பெயர் பெற்றது.

இன்னொன்றும் உண்டு. வனவிலங்குப் பொருள் ஒருவரிடம் இருந்தது என்று உறுதியானால், அது சட்டவிரோதமாக வந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. அந்தப் போலீஸ் தேர்வுத் தம்பி அன்றைக்கு ஆட்டோவில் ஏற்றியிருந்தால், அவன் மேல் ஒரு வழக்கு எண் ஏறியிருக்கும். வேறு எந்த எண்ணும் அதன்பிறகு அவனுக்கு உதவியிருக்காது.

எந்தக் காடு?

வனத்துறைக்காரர் போனதும் பெரியப்பா மெதுவாகப் பேச்செடுத்தார். "சுடலாம்னு சொன்னாவளே, அது என்ன ஆச்சு?"

அவர் கேட்டது, 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி அறிவித்த விஷயம். அதன்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துத் திரும்பக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் விளைநிலத்துக்கு வந்தால், பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். கவனியுங்கள், சுடுவது வனத்துறை. விவசாயி அல்ல.

இதற்குச் சட்டத்தின் 11-வது பிரிவில் இடம் இருக்கிறது. உயிருக்கோ உடைமைக்கோ, வயலில் நிற்கும் பயிருக்கோ ஆபத்து என்றால், குறிப்பிட்ட சில விலங்குகளைக் கொல்ல, காரணத்தை எழுத்தில் குறிப்பிட்டு வனத்துறை உத்தரவிடலாம். பக்கத்துக் கேரளாவில் 2022-ல் இருந்து, அந்த உத்தரவைப் பிறப்பிக்கும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கே தரப்பட்டிருக்கிறது. அங்கேயும் சுட்ட பன்றியைப் புதைக்கத்தான் வேண்டும், பங்குபோட முடியாது.

"மூணு கிலோமீட்டர் சரி. எந்தக் காட்டுல இருந்து அளக்கணும்?" என்றார் பெரியப்பா.

எங்கள் பக்கத்தில் 'காட்டுக்குப் போறேன்' என்றால் புஞ்சைக்குப் போகிறேன் என்று அர்த்தம். மானாவாரி நிலத்துக்குப் பெயரே காடுதான். சட்டம் சொல்லும் காடு வேறு. குருமலைக் காப்புக்காடு இருக்கிறது, வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. ஆனால், பெரியப்பாவின் சோளத்தைத் தின்னும் பன்றி அங்கிருந்து தினமும் நடந்து வருவதில்லை. கண்மாய்க்குள் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் புதருக்குள்ளேயே குட்டி போட்டுக் குடும்பம் நடத்துகிறது. விவசாயியின் பார்வையில், பன்றி இப்போது ஊர்க்காரன் ஆகிவிட்டது.

இந்த ஆற்றாமைதான் சிலரைத் தவறான வழிக்குத் தள்ளுகிறது. திருட்டு மின்சாரத்தில் வேலி போடுகிறார்கள். அதில் பன்றியோடு போவது, ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துக் காட்டுக்காரர். சில மாவட்டங்களில் அவுட்டுக்காய் என்ற வெடியைப் பழத்துக்குள் வைக்கிறார்கள். அதை மாடு கடித்தால் தாடை போகும், யானை கடித்தால் பட்டினி கிடந்தே சாகும். வெடிக்கும் கம்பிக்கும், கடிப்பது எது, மிதிப்பது யார் என்று தெரியாது.

அதனால்தான் அதிகாரபூர்வமாகச் சுடுவது நடக்க வேண்டுமானால், அந்தச் சீட்டு ரொம்ப முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பன்றி சுடப்பட்டால், நகர்த்துவதற்கு முன்பே அதன் காலில் ஓர் எண் கட்டப்பட வேண்டும். தேதி, இடம், ஆணா பெண்ணா, யார் உத்தரவு, யார் சுட்டது, எங்கே புதைத்தது என எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

இதில் பன்றிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். விவசாயிக்குத்தான் லாபம். கணக்கு இருந்தால்தான் 'எங்கள் ஊரில் இத்தனை பன்றி, இத்தனை ஏக்கர் நஷ்டம்' என்று மனுவில் எழுத முடியும். கணக்கு இருந்தால்தான், 'அனுமதி வாங்கிச் சுட்ட பன்றிக்கறி' என்ற பெயரில் குருமலைப் புள்ளிமான் விற்பனைக்குப் போகாமல் இருக்கும். எண் இல்லாத இடத்தில் நல்லவனும் திருடனும் ஒரே மாதிரி தெரிவார்கள்.

அடையாளம் வைப்பது நமக்குப் புதிதா?

சொல்லப்போனால் இதில் நாம் கைதேர்ந்தவர்கள். வேம்பூர் ஆடு மேய்க்கும் கீதாரியிடம் போய், கலந்துவிட்ட இரண்டு கிடைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள். காதில் இருக்கும் வெட்டைப் பார்த்தே பிரித்துவிடுவார். இப்போது பெரியப்பா வீட்டு மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் தோடு தொங்குகிறது. 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின் கீழ் கோமாரித் தடுப்பூசி போட்டதற்கான கணக்கு, அந்த எண்ணில்தான் ஏறுகிறது.

தூத்துக்குடிக் கடலுக்கு வாருங்கள். சங்கு குளிப்பவர்கள் எடுத்துவரும் சங்கை ஒரு வளையத்தில் நுழைத்துப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைவான சங்கு வளையத்துக்குள் விழுந்துவிடும். விழுந்தால் அது குஞ்சு, திரும்பக் கடலுக்கு. முத்துக்குளிப்பில் கரைக்கு வந்த சிப்பிகளைக் குவித்து, எண்ணி, மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கு, மீதி அரசுக்கு என்று பிரித்தார்கள். எங்கள் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

சென்னை அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. விஷம் எடுத்த பாம்பின் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டித்தான் காட்டில் விடுவார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி பிடிபட்டால் தெரிந்துவிடும், விட்டுவிடுவார்கள்.

உலக அளவிலும் இதே பழக்கம்தான். ஆப்பிரிக்காவில் சட்டப்படி வேட்டையாடிய சிறுத்தையின் தோல் நாடு தாண்ட வேண்டுமானால், கழற்றினால் உடைந்துபோகும் பூட்டுச் சீட்டு அதில் இருக்க வேண்டும். எந்த நாடு, எந்த ஆண்டு, அந்த ஆண்டு ஒதுக்கீட்டில் எத்தனையாவது தோல் என்று அதில் இருக்கும். சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் ஏற்பாடு இது.

சுவரில் தொங்கும் கொம்பு

இதுவரை படித்துவிட்டு, 'நமக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைத்தால், ஒரு நிமிடம். தலையை நிமிர்த்தி உங்கள் தாத்தா வீட்டு வரவேற்பறைச் சுவரைப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் பெரியம்மாவின் தோழி வீட்டுக்குப் போனோம். நூறு வருஷத்துக் காரைவீடு. நடுக்கூடத்தில் மரப்பலகையில் பதித்த ஒரு ஜோடி மான்கொம்பு. அதில் யாருடைய துண்டோ காய்ந்துகொண்டிருந்தது. "அவுக தாத்தா காலத்துல சுட்டது" என்றார் அந்த அம்மா, பெருமையும் இல்லாமல் வெட்கமும் இல்லாமல். பிள்ளைகள் எல்லாம் வெளியூர். வீட்டை விற்கப்போகிறார்கள். "கொம்ப மட்டும் கேக்க ஆள் இருக்கு. நல்ல விலையாம். குடுத்துரலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வேண்டாம்மா" என்றுதான் முதலில் வாயில் வந்தது.

1972 சட்டம் வந்தபோதே, வீட்டில் இருக்கும் கொம்பு, தோல், தந்தம் போன்றவற்றைத் தெரிவித்துப் பதிவு செய்யச் சொன்னார்கள். அதிகாரி வந்து பார்த்து, பட்டியல் எடுத்து, பொருளின் மீதே அடையாளக் குறி வைப்பார். பிறகு உடைமைச் சான்றிதழ் கிடைக்கும். அதாவது, தாத்தா காலத்து மானுக்கு நம் சட்டம் தாமதமாகக் கட்டிய சீட்டு அது. தவறவிட்டவர்களுக்காக 2003-ல் இன்னொரு வாய்ப்பு, 180 நாள் அவகாசத்தோடு வந்தது. அதையும் பலர் கேள்விப்படவே இல்லை.

சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. வாரிசு உரிமையில் பிள்ளைகளுக்குப் போகலாம். அப்படி வந்தாலும், வாரிசு 90 நாளுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். 'காட்டில் தானாக விழுந்து கிடந்த கொம்புதான்' என்பதும் எடுபடாது. புள்ளிமானுக்குக் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும் என்பது உண்மை. ஆனால், விழுந்த கொம்பும் அரசின் சொத்தே. வல்லநாட்டு வெளிமானுக்கோ கொம்பு விழுவதே இல்லை. அந்தக் கொம்பு ஒரு வீட்டில் இருந்தால், ஒரு மான் செத்திருக்கிறது என்று அர்த்தம். அது அட்டவணை ஒன்றில் உள்ள விலங்கு. அந்தக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

தாள் சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு பெரியவரும் மாட்டிக்கொள்வார் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. 2011-ல் வருமான வரித்துறைச் சோதனையின்போது, நடிகர் மோகன்லால் வீட்டில் யானைத் தந்தங்கள் இருப்பது தெரியவந்தது. பின்னர் கேரள அரசு அவருக்கு உடைமைச் சான்றிதழ் வழங்கியது. ஆனால், அதற்கு அடிப்படையான அரசாணை சட்டப்படி அரசிதழில் வெளியாகவில்லை என்று சொல்லி, 2025 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தச் சான்றிதழ்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சான்றிதழ் இருந்தும் பதினான்கு வருட அலைச்சல்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிவந்தார். பத்திரம், ரசீது, பழைய கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் விரித்துப் போட்டுத் தேடினோம். இருட்டும்வரை தேடினோம். சான்றிதழ் இல்லை. "நாளைக்கு என் மவன் எங்கூட வந்து பேசட்டும்" என்றார். முதல் வேலையாக, கொம்பிலிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தார்.

ஞாபகத்தில் வையுங்கள்

* செத்துக் கிடக்கும் வனவிலங்கை எடுக்காதீர்கள், அறுக்காதீர்கள். வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே சொல்லுங்கள். கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரம்தான் கெடு.

* 'மான்கறி இருக்கு, பன்றிக்கறி இருக்கு' என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கியவரும் குற்றவாளிதான்.

* பயிர்ச் சேதம் என்றால் கையோடு போட்டோ எடுத்து, தேதி, சர்வே எண்ணோடு மனு கொடுங்கள். மின்வேலி, வெடி இரண்டும் உங்கள் குடும்பத்தையே காவு வாங்கிவிடும்.

* வீட்டில் கொம்பு, தோல், நகம், தந்தம் இருந்தால் முதலில் சான்றிதழைத் தேடுங்கள். இருந்தால், வாரிசுப் பெயருக்குத் தெரிவித்தாயிற்றா என்று பாருங்கள். வைத்துக்கொள்ள விருப்பம் இல்லையென்றால், 2022 சட்டத் திருத்தத்தின்படி அரசிடம் ஒப்படைக்கலாம். பணம் எதுவும் கிடைக்காது.

* சான்றிதழே இல்லையென்றால் விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், குப்பையிலும் வீசாதீர்கள். ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, மாவட்ட வன அலுவலரை அணுகுங்கள்.

சென்னைக்கு பஸ் ஏறியதும், பெரியப்பாவின் கேள்விக்கான பதிலை குரூப்பில் ஒரே வரியில் போட்டேன்: "செத்த மானுக்கு இல்ல பெரியப்பா, உசுரோட இருக்கிற மானுக்காகத்தான் அந்தச் சீட்டு."

அம்மா உடனே ஒரு இதயம் போட்டார். சித்தப்பா அமைதி காத்தார். பெரியப்பாவிடமிருந்து மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு போட்டோ வந்தது. டார்ச் வெளிச்சத்தில் சாய்ந்து கிடக்கும் மக்காச்சோளத் தட்டைகள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தேதி, சர்வே நம்பர் எல்லாம் எழுதிட்டேன். மனு எப்பிடி எழுதணும்னு காலைல சொல்லு."

அந்தப் போட்டோவின் ஓரத்தில், வேலியில் புதிதாக ஒரு சேலை தெரிந்தது. மெரூன் கலர், ஜரிகை போட்டது. பெரியம்மாவின் கல்யாணச் சேலையேதான்.

(அடுத்த வாரம்: சித்தி அனுப்பிய 'பாமாயிலில் பிளாஸ்டிக்' வீடியோ. நம்பலாமா?)